உச்சிக்கு ஒரு முழம் முன்னால்

— காப்பி குடிக்க நான் வரல. அந்தக் கப்பைக் கீழ வெச்சுட்டு வெளிய வா, ருட்கர். வந்து தலையைத் தூக்கி உன் ஆலையைப் பாரு.

— ஹிஸ்காம்மா, முதல்ல உள்ள வந்து உக்காருங்க. லம்மர்ட் ஐயா போயிட்டாருன்னு கேட்டதுலேருந்து எங்களுக்கும் மனசு சரியில்ல. மேரல் காலையிலேயே போயி பூ வாங்கிட்டு வந்திருக்கா.

— பூவைத் தண்ணியில போட்டு நீயே மோந்து பாரு. மேல பாருன்னு சொன்னேன்.

— பாத்தாச்சு. காத்தாலை, நாலு இறக்கை. ஏதாவது உடைஞ்சிருக்கா?

— எப்படி நிக்குதுன்னு பாரு.

— நல்லாத்தான் நிக்குது. நட்டுக்குத்தலா இல்லாம லேசா சாய்ஞ்சு, பாக்க அழகா இருக்கு. கரை மேல சைக்கிள்ல போறவங்க எல்லாம் இறங்கி நின்னு போட்டோ எடுத்துட்டுப் போறாங்க.

— அழகாம். மேரல், நீயாவது வா வெளிய. உன் புருஷனுக்குக் கண்ணு ரெண்டும் இருக்கு, பார்வைதான் இல்ல. ஃபிரீஸ்லாந்துல ஆலையை வாங்கிக் குடித்தனம் பண்ண வந்தவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கணும். அந்த மேல் இறக்கை எங்க நிக்குது சொல்லு. உச்சிக்கு ஒரு முழம் முன்னால நிக்குது. வந்துக்கிட்டே இருக்கு, இன்னும் வந்து சேரல. அப்படி நிறுத்தினா அந்த வீட்டுல சந்தோஷம்னு அர்த்தம். கல்யாணம் ஆகியிருக்கும், பிள்ளை பிறந்திருக்கும். சும்மா நிறுத்த மாட்டாங்க, யாருக்காகவாவதுதான் நிறுத்துவாங்க. அதுவே உச்சியைத் தாண்டி ஒரு முழம் அந்தப் பக்கம் சரிஞ்சு நின்னா, சாவு. போனது போயிடுச்சுன்னு அர்த்தம். பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும் இந்த ஊர்ல.

— எங்களுக்கு யாருமே சொல்லலையே, ஹிஸ்காம்மா.

— கேட்டியா நீ? இன்னிக்கு ரெண்டு மணிக்கு எங்க வீட்டுலேருந்து லம்மர்ட்டை எடுக்கறாங்க. வண்டி இந்தக் கரை மேலதான் போகணும், சர்ச்சுக்கு வேற வழி கிடையாது. ஊரே பின்னால நடந்து வரும். எண்பது வயசு மனுஷன், இந்த ஆலைக்குள்ளேயே பிறந்தவரு, பெட்டியில படுத்துக்கிட்டு இதைத் தாண்டிப் போறப்போ, இது பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கும். அதைப் பாத்துக்கிட்டே நான் பின்னால நடக்கணும். நடப்பேனா நான்?

— மேரல், நீ ஏன் இப்படி வெளிறிப் போயி நிக்கறே? ஹிஸ்காம்மா, எங்க மேல தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க. ஆனா வேணும்னு யாரும் செய்யல.

— வேணும்னு செய்யலையாம். மே மாசத்துலேருந்து இப்படி இளிச்சுக்கிட்டு நிக்குது. அஞ்சு மாசமா துணி காயப் போட வெளிய வந்தா இதுதான் கண்ணுல படுது. உன் இறக்கையைச் சுத்தக் கூடாதுன்னு நகராட்சி பூட்டுச்சு. உனக்கு வயித்தெரிச்சல். சரி, பூட்டறதுதான் பூட்டறோம், அந்தக் கிழத்துக்கும் கிழவிக்கும் எதிர்லயே சிரிக்கிற மாதிரி பூட்டுவோம்னு நினைச்சே. எனக்குத் தெரியாதுன்னு நினைக்கறியா?

— இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு இந்த நிமிஷம்தான் எனக்குத் தெரியும். தெரியாத பாஷையில யாரையாவது திட்ட முடியுமா? அன்னிக்கு நான் மேல கூரைக்குள்ள நகராட்சி ஆளோட இருந்தேன். வெளிய என்ன தெரியும் எனக்கு? கீழ நின்னு இறக்கையைப் பிடிச்சு, போதும் நிறுத்துன்னு குரல் குடுத்தது மேரல்தான்.

— அடேயப்பா. நேரம் பாத்து பொண்டாட்டி மேல தள்ளிட்டே.

— அவரு சொல்றது நிஜம்தான். அன்னிக்கு நிறுத்தச் சொன்னது நான். அது எப்படின்னா, ஹிஸ்காம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு...

— நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், மேரல். கதை கேக்க எனக்கு நேரம் இல்ல. இப்ப மணி பதினொண்ணரை. ரெண்டு மணிக்குள்ள இதை உச்சி தாண்டி அந்தப் பக்கம் சாய்ச்சு நிறுத்தணும். சாயங்காலம் அடக்கம் முடிஞ்சு எல்லாரும் காப்பி குடிச்சுட்டுப் போனப்புறம் எப்படி வேணா நிறுத்திக்கங்க. தலைகீழாக்கூட நிறுத்திக்கங்க.

— முடியாது.

— என்ன சொன்னே?

— முடியாதுன்னு சொன்னேன், ஹிஸ்காம்மா. செய்ய மனசில்லாம சொல்லல. மேல அச்சுல மூணு போல்ட் போட்டு முடுக்கி, மூணாவதுல ஈயத்துல முத்திரை வெச்சிருக்கு. அந்த முத்திரை உடைஞ்சா நாங்க இங்க குடியிருக்கிற அனுமதி ரத்து. சட்டப்படி மறுநாளே சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு வெளிய போகணும். இதை யாரு கேட்டு வாங்கினதுன்னு உங்களுக்கே தெரியும். உங்க வீட்டுக்காரரோட பதினோராவது கடுதாசி.

— செத்தவரை இழுக்காதே.

— நான் இழுக்கல, அவருதான் எங்களை இழுத்தடிச்சாரு. மூணு வருஷம். பதினேழு ஆட்சேபணை. கதவு நிறம் சரியில்லன்னு ஒண்ணு. படிக்கட்டு ரெண்டு விரக்கடை அகலம்னு ஒண்ணு. கூரை வேயற நாணல் வெளியூர்லேருந்து வருதுன்னு ஒண்ணு. நாணலுக்கு என்னங்க ஊரு? பதினோராவதுல, இறக்கை சுத்தினா நிழல் வந்து நோயாளி மூஞ்சியில விழுந்து விழுந்து எழுந்திருக்குது, சத்தத்துல தூக்கம் போச்சுன்னு எழுதியிருந்தாரு. அதை மட்டும் ஏத்துக்கிட்டாங்க. ஒவ்வொரு கடுதாசிக்கும் ஒரு மாசம் வேலை நின்னுச்சு. ரெண்டு குளிர்காலம் அந்த வேலியோரம் ஒரு கேரவன்ல கிடந்தோம். எங்க சின்னப் பொண்ணு இருமி இருமி ராத்திரியெல்லாம் என் நெஞ்சு மேல படுத்திருப்பா. நான் எந்திரிச்சு உக்காந்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உங்க ஜன்னலைப் பாத்து என்னென்ன திட்டியிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். இப்ப அதே மனுஷனுக்காக என் கையாலேயே என் வீட்டுக் கூரையைப் பிடுங்கச் சொல்றீங்க.

— உன் வீடா? எதுடா உன் வீடு? ஆலையை வீடாக்கிட்டேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறியே, இது என்னிக்குடா வீடா இல்லாம இருந்துச்சு? இருநூறு வருஷமா இதுக்குள்ள அடுப்பு எரிஞ்சிருக்கு. ஏழு பிள்ளை பெத்தா என் மாமியா, இந்தக் கீழ் அறையில, சுவத்துக்குள்ள இருந்த கட்டில்ல. லம்மர்ட் பிறந்த கட்டில் அது. அதுக்குக் கண்ணாடிக் கதவு போட்டு ஒயின் பாட்டிலைப் படுக்க வெச்சிருக்கே. தண்ணி இறைக்கிற சக்கரம் ஓடின குழியில குளிக்கிற தொட்டி. தரைக்குக் கீழ வெந்நீர்க் குழாய், கால் சுடணுமாம். நான் இங்க குடித்தனம் பண்ணினப்போ வாளித் தண்ணி விடிகாலையில உறைஞ்சு கிடக்கும், உடைச்சுத்தான் மூஞ்சி கழுவணும். பேரு வேற பொறுமைக்காரி. ஆலைக்குப் பேரு பொறுமைக்காரி, பொறுத்துக்கிட்டுக் கிடந்தது நான்.

— அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம், ஹிஸ்காம்மா? குளிர்ல நடுங்கணுமா நாங்களும்?

— நடுங்கினா என்ன, செத்தா போயிடுவே? 

— ருட்கர், குரலை இறக்குங்க. அவங்க வீட்டுல இன்னிக்கு சாவு.

— தெரியும், மேரல். எல்லாரும் சொல்லித்தான் தெரியும். ஏன்னா அவங்க சொல்லல. நேத்து கசாப்புக் கடையில நிக்கறேன், கடைக்காரரு கேக்கறாரு, நீதானே பக்கத்து வீட்டுக்காரன், பெட்டியோட எந்தப் பக்கம் தூக்கறேன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. இந்த ஊர்ல பக்கத்து வீட்டுக்காரங்கதான் பெட்டி தூக்கணும், அதுதான் முறைன்னு அவரே விளக்கினாரு. கேட்டுக்கிட்டிருந்தவங்க அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பாத்தாங்க. ஆறு பேரைச் சொல்லிட்டாங்களாம். மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆள்கூட அந்த ஆறுல இருக்காரு. வாய்க்காலைத் தாண்டினா வீடு, என்னைக் கூப்பிடல. முறை முறைன்னு பேசறீங்களே, அது எந்த முறை?

— நீ தூக்கினா அவரு பெட்டிக்குள்ளேயே திரும்பிப் படுத்துக்குவாருன்னுதான் கூப்பிடல.

— அப்ப இதுக்கும் என்கிட்ட வரக் கூடாது.

— ருட்கர், போயி ஸ்பானரை எடுங்க.

— மேரல், உனக்கு என்ன ஆச்சு? முத்திரை இருக்குன்னு சொல்றேன்.

— அரை நாள்தான். திருப்பி நிறுத்திட்டு, சாயங்காலம் பழையபடி வெச்சுடலாம். சனிக்கிழமை, நகராட்சியில ஒருத்தரும் இல்ல. திங்கக்கிழமை நானே போயி நடந்ததைச் சொல்றேன். சாவுக்காகக் கழட்டினோம்னா அவங்களுக்கும் மனசு இருக்கும்.

— நகராட்சிக்கு மனசு இருக்கும், பக்கத்து வீட்டுக்கு இருக்குமா? நல்லா யோசிச்சுப் பாரு. இன்னிக்கு நான் முத்திரையை உடைப்பேன். திங்கக்கிழமை நீ போறதுக்கு முன்னால அவங்க வாசல்ல ஒரு கடுதாசி போயி விழுந்திருக்கும். பதினெட்டாவது. உத்தரவை மீறிட்டான், வெளியேத்துங்கன்னு. மூணு வருஷமா எதுல தோத்தாங்களோ அதுல ஒரே நாள்ல ஜெயிச்சுடுவாங்க. அழுதுக்கிட்டு வந்தாலும் இது பொறிதான், மேரல்.

— நான் அழல. பதினெட்டாவது கடுதாசி வராது.

— எப்படி நம்பறது? லம்மர்ட் ஐயா இல்லாட்டி உங்க மகன் எழுதுவாரு. மருமகன் எழுதுவாரு. 

— எழுதற ஆளு உன் எதிர்லதான் நிக்குது.

— என்ன?

— பதினேழும் நான் எழுதினதுடா. நாலு வருஷமா வலது பக்கம் விழுந்து போன மனுஷன். வாயில என் பேருகூட முழுசா வராது. அவரு நாணலையும் படிக்கட்டையும் பத்திப் பக்கம் பக்கமா எழுதுவாரா? கொஞ்சமாவது யோசிச்சியா? 

— கீழ அவரு கையெழுத்து இருந்துச்சே. கோணலா, நடுங்கி நடுங்கி.

— இடது கையால நான் போட்டது. வாதம் வந்தவரு போட்ட மாதிரி இருக்கணும்ல. முதல் ரெண்டு கடுதாசிக்குக் கஷ்டமா இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு.

— நிழல் மூஞ்சியில விழுதுன்னு எழுதினது?

— என் மூஞ்சியில. அவருக்கு அந்த நிழல் பிடிக்கும். நிழல் வர்ற நேரத்துக்கு நாற்காலியை நகத்தச் சொல்லி கையைக் காட்டுவாரு.

— ஹிஸ்காம்மா, நான் அந்த மனுஷன் பக்கம் திரும்பினதே இல்ல. ஜன்னல்லேருந்து தினம் கையைத் தூக்குவாரு. பிள்ளைங்க பதிலுக்கு ஆட்டுவாங்க, மேரலும் ஆட்டுவா. நான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கிட்டுக் காருக்குள்ள ஏறிடுவேன். ஒரு நாள் எச்சில்கூடத் துப்பினேன், அவரு பாக்கற மாதிரி. மூணு வருஷம் நான் ஒரு தப்பும் பண்ணாத ஆளை வெறுத்திருக்கேன். அப்படி என்ன பண்ணினோம் உங்களுக்கு? எதுக்கு அவரு பேரைப் போட்டீங்க?

— என் பேரைப் போட்டா யாரு மதிப்பா? ஆலையில பிறந்தவரு எதிர்க்கறாருன்னா ஒரு கனம் இருக்கு. வாழ வந்தவ எதிர்த்தா, கிழவிக்குப் பொறாமைன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சுடுவாங்க. முடிச்சாலும் அது பொய் இல்ல. ஆமா, பொறாமைதான். அறுபத்தெட்டாம் வருஷம் கல்யாணமாகி வந்தேன் நான். அந்த வாரம் பூரா மழை, வாய்க்கால் விளிம்புல தண்ணி தத்தளிக்குது. ஆலைக்காரன் வீட்டுக் கல்யாணம்னா இறக்கையைச் சந்தோஷத்துக்கு நிறுத்தி, நாலுலயும் மாலை கட்டுவாங்க. என் கூடப் பிறந்தவளுக்கு அவ மாமியா வீட்டுல கட்டினாங்க. எனக்கு நிறுத்தல. பொண்ணு இன்னிக்கு இல்லன்னா நாளைக்குச் சிரிச்சுக்குவா, தண்ணி காத்துக்கிட்டு நிக்குமான்னு கேட்டா என் மாமியா. சர்ச்சுலேருந்து வந்ததும் கல்யாணச் சட்டையைக் கழட்டிட்டு மாப்பிள்ளை ஆலைக்குள்ள ஏறிட்டாரு. விடிய விடிய தண்ணி இறைச்சுக்கிட்டுச் சுத்துச்சு. நான் கீழ உக்காந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

— அப்புறம் ஒரு நாளும் நிறுத்தலையா?

— நிறுத்துவாங்களாக்கும், மேரல். கல்யாணத்துக்கே நிறுத்தாதவங்க பிள்ளை பிறந்தா மட்டும் நிறுத்துவாங்களா? பதினோரு வருஷம் ஓட்டினேன். கரண்ட்டு பம்பு வந்ததும் அழுது அடம் பிடிச்சு அவரை அந்தக் கரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். தொலைஞ்சதுடா சனின்னு நினைச்சேன். போன அன்னிக்கே ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, இந்தப் பொறுமைக்காரியைப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டாரு. நாப்பத்தஞ்சு வருஷம். நான் முடியைக் கத்தரிச்சா தெரியாது, புதுச் சட்டை போட்டா தெரியாது, இவ கூரையில ஒரு கத்தை நாணல் பறந்தா தெரியும். சரி, பாழடைஞ்சு போறா, கூரை ஒழுகுது, இன்னும் பத்து வருஷத்துல விழுந்துடுவான்னு பொறுத்துக்கிட்டு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் உட்ரெக்ட் பட்டணத்துலேருந்து வந்து அவளுக்குப் பொட்டும் பூவும் வெச்சு, ஜன்னலெல்லாம் விளக்கேத்தி நிக்க வெச்சுட்டீங்க. அவரு மூஞ்சியைப் பாக்கணுமே அப்ப. வாயெல்லாம் சிரிப்பு. அதான் எழுதினேன். விழ வைக்கத்தான் முடியல, சுத்த விடாமலாவது பண்ணலாம்னு எழுதினேன். போதுமா? இப்ப போயி ஸ்பானரை எடு. வெறுத்துக்கிட்டே எடு, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எடு. அவரைத் தப்பா நினைச்சதுக்கு இதையாவது செய்.

— எங்க வெச்சேன் அதை, மேரல்?

— படிக்குக் கீழ, நீல டப்பாவுல. 

— மேல போறேன். ஹிஸ்காம்மா, ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். உங்க மேல எனக்கு இருக்கிற கோவம் இன்னிக்கோட தீராது.

— தீர வேண்டாம். வெச்சுக்க. படியில கவனமா ஏறு, ஏழாவது பலகை எப்பவும் வழுக்கும்.

— அதை மாத்தியாச்சு.

— மாத்தியிருப்பே. மேரல், அந்தக் கயித்தைக் கீழ் இறக்கை நுனியில கட்டு. இன்னும் தாழ்வா. அவன் பிரேக்கை விட்டதும் நாம இழுத்தாத்தான் நகரும். மெதுவா இழுக்கணும், வெடுக்குன்னு இழுத்தா ஆளைத் தூக்கிட்டுப் போயிடும். பிள்ளைங்க எங்க?

— உள்ள படம் வரைஞ்சுக்கிட்டு இருக்காங்க. கதவைச் சாத்திட்டேன்.

— நல்லது. என் பக்கத்துல வந்து பிடி.

— ஹிஸ்காம்மா, அவரு கழட்டறதுக்குள்ள நான் சொல்லிடறேன். அப்பவே சொல்ல வந்தேன், நீங்க விடல. நீங்க அந்த அர்த்தத்தைச் சொன்னதும்தான் எனக்கே விஷயம் புரிஞ்சுது. சொன்னா உங்களுக்கு வலிக்குமோன்னு அப்புறம் நானும் விட்டுட்டேன். 

— இனிமே வலிக்க என்ன இருக்கு? சொல்லு.

— குரல் குடுத்தது நான்தான், ஆனா இங்க நிறுத்தச் சொன்னது நான் இல்ல.

— இப்ப புருஷன் மேல திருப்பறியா?

— அவரு மேல இருந்தாரு. நான் இதே இடத்துல இறக்கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எந்த இடத்துல பூட்டணும்னு நகராட்சி ஆளு மேலேருந்து கேட்டாரு. எங்க நிறுத்தினாலும் சரியாம், ஆனா அதுக்கப்புறம் மாத்த முடியாதாம். எனக்கு என்ன தெரியும்? சும்மா உங்க ஜன்னல் பக்கம் பாத்தேன். லம்மர்ட் ஐயா கண்ணாடியோட ஒட்டி உக்காந்திருந்தாரு. இடது கையைத் தூக்கி வெச்சிருந்தாரு. வழக்கமா ஆட்டுவாரே, அப்படி இல்ல. வா வான்னு விரலை அசைச்சாரு. நான் இறக்கையைக் கொஞ்சம் தள்ளினேன். இன்னும் வான்னாரு. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். உச்சிக்கு வர்றதுக்குள்ள சட்டுன்னு கையை மூடிட்டாரு. போதும்னு நான் கத்தினேன். ருட்கர் முடுக்கிட்டாரு.

— பொய் சொல்லாதே.

— என் பிள்ளைங்க மேல சத்தியம்.

— அவரா? அவரு கையாலயா நிறுத்தினாரு?

— ஆமா. எனக்கு அர்த்தம் தெரியாது, ஆலையில பிறந்தவரு சொல்றாரு, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

— பாத்தியா. பாத்தியா அந்த மனுஷனை. நான் அத்தனை கடுதாசி எழுதி இவளைக் கட்டிப் போட்டா, அவரு உக்காந்த இடத்துலேருந்தே இவளுக்குச் சந்தோஷக் கோலம் போட்டிருக்காரு. போறப்பவும் இவளுக்குத்தான் செஞ்சுட்டுப் போயிருக்காரு. இழு மேரல், அவன் சொன்னதும் நல்லா இழு. இன்னிக்கு நான் இவளைத் துக்கத்துக்குச் சாய்க்காம விட மாட்டேன்.

— இருங்க, இன்னும் இருக்கு. கையை மூடினதுக்கப்புறம் அவரு பக்கத்துல இருந்த நாற்காலியைத் தட்டினாரு. 

— எந்த நாற்காலி?

— அவருக்கு இடது பக்கம், நீல மெத்தை போட்டது. காலியா இருந்துச்சு. அதைத் தட்டினாரு, ஆலையைக் காட்டினாரு. மறுபடி நாற்காலியைத் தட்டினாரு. எனக்குப் புரியல. என்னை வந்து உக்காரச் சொல்றாருன்னு நினைச்சு, வேலை இருக்கு, அப்புறம் வர்றேன்னு கையைக் காட்டினேன். இல்ல இல்லன்னு தலையை ஆட்டினாரு. திரும்பவும் அதையே தட்டினாரு. அப்புறம் சிரிச்சாரு. வாய் ஒரு பக்கம்தான் போகும்ல, அப்படி. 

— அது நான் உக்கார்ற நாற்காலி, மேரல்.

— அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?

— நகராட்சி ஆபீஸ்ல. உத்தரவு நகல் வாங்கப் போயிருந்தேன். போறதுக்கு முன்னால அந்தப் பதினோராவது கடுதாசியை அவரு மடியில வெச்சுப் படிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும் நான்தான் எழுதினேன், உங்க பொறுமைக்காரி இன்னிக்கு நிக்கப் போறா, நான் ஜெயிச்சுட்டேன்னு சொன்னேன். கத்துவாரு, கண்ணைத் துடைப்பாருன்னு பாத்தேன். அதுக்குப் பதிலா என் கையை எடுத்து ரெண்டு நிமிஷம் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு உதறிட்டுப் போயிட்டேன்.

— ஹிஸ்காம்மா. மேரல். ரெண்டு பேருக்கும் கேக்குதா? ரெண்டு போல்ட் வந்துடுச்சு. மூணாவதுலதான் முத்திரை. உடைக்கப் போறேன், கயித்தை இழுத்துப் பிடிங்க.

— உடைக்காதே, ருட்கர். கழட்டின ரெண்டையும் திரும்பப் போட்டு முடுக்கிட்டு இறங்கி வா.

— என்ன சொல்றீங்க? ரெண்டு மணிக்கு ஊரே இந்த வழியா வருமே, எல்லாரும் பாப்பாங்களே?

— பாக்கட்டும். அது அவரு எனக்காக நிறுத்தினது.